மரக்காய்க்கு இடமுண்டு, மங்கைக்கு இல்லையாம்!

மூன்றே எழுத்துக்கொண்ட ஆங்கிலச் சொல் ஒன்று, 'மேன்'. அதற்குத்தான் எத்தனை பொருள்! மனித இனம் முழுவதும் 'மேன்'. ஆடவன் மட்டும் 'மேன்'. கணவன் 'மேன்'. ஏவலாள் 'மேன்'. படைவீரன் 'மேன்'. சதுரங்கப் பலகையிலே நகரும் மரக்காயும் 'மேன்'!

பழைய ஆங்கிலத்திலே அது இருபாலார்க்கும் பொதுச்சொல். ஆணுக்கு 'வெர்' என்றும், பெண்ணுக்கு 'வீஃப்' என்றும் தனிச் சொற்கள் இருந்தன. 'வீஃப்மான்' என்பதே திரிந்து 'வுமன்' ஆயிற்று. 'வெர்' வழக்கொழிந்தது, பொதுப்பெயரை ஆண் தன் பெயராக்கிக்கொண்டான். ஊர்ச் சத்திரத்தைப் பூட்டிச் சொந்த வீடாக்கிக்கொண்டவன் கதைதான் இது!

சொல் விளையாட்டுத்தானே என்பீரோ? பிரிட்டிஷ் சட்டத்தைப் பாருங்கள். சட்டங்களிலே வரும் ஆண்பாற் சொற்கள், வெளிப்படையாக விலக்கப்பட்டாலன்றிப் பெண்களையும் குறிக்கும் என்று 1850இல் சட்டமியற்றினர். 1867இல் வாக்குரிமைச் சட்டம் வந்தது. 'மேன்' என்னும் சொல்லை நீக்கி, 'ஆள்' எனப் பொருள்படும் 'பெர்சன்' என்னும் சொல்லை இடுக என்றார் ஜான் ஸ்டூவர்ட் மில். ஆதரவு 73, எதிர்ப்பு 196, திருத்தம் வீழ்ந்தது. மான்செஸ்டரிலே ஐயாயிரத்துக்கு மேற்பட்ட பெண்கள், "நாங்களும் அச்சொல்லில் அடக்கமன்றோ?" என்று கேட்டு வாக்காளர் பட்டியலிலே இடங்கோரினர். "அடக்கமல்ல" என்று 1868இல் நீதிமன்றம் கைவிரித்தது.

என்னே நீதி! வரி செலுத்தும்போது அவள் அடக்கம். குற்றஞ்செய்தால், 'அவன்' என்று எழுதிய தண்டனையிலே அவளும் அடக்கம். வாக்குச் சீட்டை நீட்டும்போது மட்டும் அவள் அடக்கமல்ல! சொல் ஒன்றுதான், சுமைக்கு ஒரு பொருள், உரிமைக்கு வேறொரு பொருள்.

சொல்லை மாற்றினால் தீருமோ? அதுவும் இல்லை. கனடாவின் அரசமைப்பிலே மேலவைக்குத் தகுதியுடையோரைக் குறிக்க, மில் கேட்ட அந்தப் 'பெர்சன்' என்னும் சொல்லே இருந்தது. பெண் அத்தகுதியில் அடங்காள் என்று 1928இல் அந்நாட்டு உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஐந்து பெண்கள் பணிந்தாரில்லை. இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்றனர். 1929 அக்டோபர் 18ஆம் நாள், பெண்ணும் அச்சொல்லில் அடக்கமே என்னும் தீர்ப்பைப் பெற்றனர். சொல்லில் ஓரெழுத்தும் மாறவில்லை. போராட்டம் பொருளை மாற்றிற்று!

தோழர்களே! எச்சொல்லுக்கும் பொருள் வானிலிருந்து இறங்குவதில்லை. வல்லவன் சுருக்குகிறான், விழித்தவர் விரிக்கின்றனர். 'மனிதன்' என்று ஆண்பால் ஈற்றோடு எழுதிவிட்டு, "பெண்ணும் அதில் அடக்கம்தான்" என்று நம்மிடமும் சிலர் அமைதி கூறுகின்றனர். மாந்தர், மக்கள் என்னும் பொதுச் சொற்கள் தமிழிலே பஞ்சமா என்று கேட்கிறோம்.

'அனைவர்க்கும்' என்று எவர் எழுதினாலும், ஏடாயினும் சட்டமாயினும், பெண்ணுக்கு அதிலே இடமுண்டா என்று கேளுங்கள். கடமையில் மட்டுமா, உரிமையிலுமா என்று மீண்டும் கேளுங்கள். விடை கிடைக்கும்வரை விடாதீர்கள்!