பொதுச் சாக்கடையும் தொழிற்கூடங்களும்

ஊரார் வரிப்பணத்தில் வீட்டுக் கழிவுநீருக்கென்று புதைக்கப்பட்ட பாதாளச் சாக்கடையை, ஆலைகள் தம் கழிவையெல்லாம் கொட்டித் தீர்க்கும் இலவச வாய்க்காலாகப் பாவிப்பது எத்துணை அபாயகரமானது என்பதை, 1981 பிப்ரவரி 13 அன்று அமெரிக்காவின் லூயிவில் நகரில், சோயா ஆலையொன்றிலிருந்து சாக்கடைக்குள் கசிந்த ஹெக்சேன் தீப்பற்றி, இரண்டு மைலுக்கு மேல் தெருக்களைப் பிளந்தெறிந்த சம்பவம் நிரூபித்தது.

நம் தேசத்தின் 1986-ஆம் ஆண்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு விதிகளோ, பொதுச் சாக்கடையில் விடப்படும் ஆலைநீரில் லிட்டருக்கு எண்ணெயும் கொழுப்பும் 20 மில்லிகிராமுக்கும், மொத்தக் குரோமியம் 2 மில்லிகிராமுக்கும் மிகலாகாதென்று வரம்பு கட்டியுள்ளன. தோல் பதனிடும் தொட்டிகளிலிருந்து வரும் குரோமியம் மிகுந்துவிட்டால், சுத்திகரிப்பு நிலையத்தில் அழுக்கைத் தின்று ஜீவிக்கும் நுண்ணுயிர்களே நாசமாகிவிடும்.

ஆகவே, நகராட்சிகள் இவ்வரம்பை ஏட்டளவில் வைத்திராமல், ஆலைகளின் கழிவுக் குழாயிலேயே முன்னறிவிப்பின்றி மாதிரி எடுத்துப் பரிசோதித்து, மீறுவோரின் இணைப்பைத் தாட்சண்யமின்றித் துண்டிப்பதே நியாயமாகும்.