ஆயா கண்ட முதலடி

தாய்மாரைப் பற்றியும் பாட்டிமாரைப் பற்றியும் இப்பகுதியில் ஏதேனும் எழுதாத கிழமை அரிது. இவ்வாரம் ஆயாவைப் பற்றிச் சிறிது சொல்ல விரும்புகின்றோம். அவளுடைய சம்பளத்தைப் பற்றியோ, அவள் கைதவறி உடைத்த கோப்பையைப் பற்றியோ அன்று. அவற்றைப் பேச வீடுகளில் ஆளுக்குக் குறைவில்லை. அவள் அடையும் மகிழ்ச்சியைப் பற்றியே இங்குப் பேச்சு. காலை முதல் மாலைவரை ஒரு கைக்குழந்தையோடு தனித்திருப்பவளுக்கு அப்படி என்ன மகிழ்ச்சி என்று கேட்போர், ஒரு முழுநாள் குழந்தையோடு தனித்து இருந்து பாராதவர்களாகவே இருத்தல் வேண்டும்.

குழந்தையின் வளர்ச்சியைப் படிப்படியாக நோக்கி, அதற்கென்றே ஓர் இலக்கிய வகையைச் சமைத்தவர்கள் தமிழர். பிள்ளைத்தமிழின் பத்துப் பருவங்களை வாசகியர் பள்ளியிற் படித்திருப்பர். ஐந்தாம் மாதத்தில் ஒரு காலை மடக்கி, மறு காலை நீட்டி, இரு கைகளையும் நிலத்தில் ஊன்றித் தலை நிமிர்ந்து ஆடுவது செங்கீரை. ஒன்பதாம் மாதத்திற் கைகொட்டுவது சப்பாணி. பதின்மூன்றாம் மாதத்தில் தளர்நடையிட்டு வருவது வருகை. உலக சுகாதார நிறுவனம் கானா, இந்தியா, நோர்வே, ஓமான், அமெரிக்கா ஆகிய ஐந்து நாடுகளின் குழந்தைகளை ஆராய்ந்து 2006ஆம் ஆண்டில் வெளியிட்ட கணக்கின்படி, குழந்தை பிடியின்றித் தனித்து நடப்பது எட்டாம் மாதத்திற்கும் பதினெட்டாம் மாதத்திற்கும் இடையிலாகும். நம் புலவர் குறித்த பதின்மூன்றாம் மாதம் ஏறத்தாழ அதன் நடுவிலேயே வந்து அமைகின்றது.

இத்தனை நுட்பமாகப் பார்த்துச் சொன்னவர் யார்? ஏட்டை எழுதிய புலவர் நாள் முழுதும் தொட்டிலருகே இருந்திருப்பார் என்று நாம் நம்பவில்லை. சங்கப் பாடல்களில் நற்றாய்க்கு அருகே செவிலித்தாய் ஒருத்தியும் நிற்கின்றாள் அன்றோ? அவளைப் போன்றவர்கள் கண்டு சொன்னதே பிற்காலத்தில் ஏட்டில் ஏறியிருக்கும் என்பது நம் எண்ணம்.

இன்றைய நிலையைப் பார்ப்போம். நம் நாட்டில் உத்தியோகம் பார்க்கும் தாய்க்குச் சம்பளத்துடன் கிடைக்கும் பிரசவ விடுமுறை 84 நாட்கள். தனியார் துறையிலும் எத்தனையாவது பிள்ளையாயினும் இதுவே அளவு என்பது 2018ஆம் ஆண்டுத் திருத்தத்தினால் உறுதியாயிற்று. அந்த 84 நாட்களிற் குழந்தை எதைக் காட்டும்? ஆறாம் கிழமையளவில் முகம் பார்த்துச் சிரிக்கும். கழுத்து மெல்ல நிற்கத் தொடங்கும். அத்துடன் தாய் கந்தோருக்குத் திரும்பிவிடுகின்றாள். எஞ்சிய புதுமைகள் எல்லாம், புரள்வதும் உட்காருவதும் தவழ்வதும் நடப்பதும், பெரும்பாலும் கந்தோர் வேளையிலேயே நிகழ்கின்றன. அம்மம்மா இருக்கும் வீட்டில் அம்மம்மா காண்கின்றாள். இல்லாத வீட்டில் ஆயா காண்கின்றாள்.

அவள் காண்பவை மிகச் சிறியவை. மூன்றாம் மாதத்திற் குழந்தை தன் கையைத் தானே கண்டுபிடிக்கின்றது. முகத்துக்கு நேரே விரல்களை விரித்தும் மடக்கியும், இது யாருடைய பொருள் என்று ஐயுறுவதுபோல நெடுநேரம் பார்த்துக்கொண்டு கிடக்கும். அருகில் இருந்து உடுப்பு மடிக்கும் ஆயா, மடிப்பதை நிறுத்திவிட்டுப் பார்ப்பாள். ஐந்தாறு மாதம்வரை, கிலுகிலுப்பையின் மேல் ஒரு துணியைப் போட்டு மூடினால் அப்பொருள் உலகை விட்டே போய்விட்டதாகக் குழந்தை கருதும். எட்டாம் மாதத்தையொட்டி ஒருநாள் துணியை இழுத்துவிடும். கண்ணிற்குத் தெரியாததும் இருக்கின்றது என்னும் அறிவு அன்றுதான் பிறந்தது. அன்று முதல் யன்னற் சீலையின் பின்னால் ஒளிந்து விளையாடுவதற்கு ஆயாவுக்கு ஒரு கூட்டாளி கிடைத்துவிடுகின்றான்.

அதன் பின் வருவது கரண்டி எறியும் காலம். உயரக் கதிரையில் இருந்துகொண்டு கரண்டியைக் கீழே போடும். எடுத்துக் கொடுத்தால் மீண்டும் போடும். குறும்பு என்று பெரியவர்கள் அதட்டுவர். குழந்தைக்கோ அது பெரிய ஆராய்ச்சி. பொருள் விழுகின்றதா, ஓசை எழுகின்றதா, ஆயா குனிகின்றாளா என்று மூன்றையும் ஒருங்கே சோதிக்கின்றது. பத்தாம் முறை குனிந்து நிமிரும்போது அவளுக்கு இடுப்பு நோவது மெய். அந்நோவை மகிழ்ச்சி என்று நாம் எழுதினால் ஆயாமார் நம்மைப் பார்த்துச் சிரிப்பர். ஆனால், பதினோராம் முறை அவள் குனிவதற்கு முன்பே குழந்தை அவள் முகத்தைப் பார்த்து வாய்கொள்ளாமற் சிரிக்கும்போது, அவளும் சேர்ந்து சிரித்துவிடுகின்றாள்.

முதற்பல்லைக் கண்டுபிடிப்பவளும் பெரும்பாலும் அவளே. கண்ணுக்குத் தெரியுமுன் அது காதுக்குக் கேட்கும். சோறு ஊட்டும் வெள்ளிக் கரண்டி ஈற்றிலே பட்டு 'டிக்' என்று ஓசை எழும். யாழ்ப்பாணத்து வழக்கமுள்ள வீடாயின், நல்ல நாள் பார்த்துப் பல்லுக்கொழுக்கட்டை அவித்து, குழந்தையை இருத்தித் தலைமேற் சொரிந்து கொண்டாடுவர். புத்தகம், பொன் முதலியவற்றை முன்னே வைத்து, எதை எடுக்கின்றான் பார் என்று ஆரவாரம் செய்வர். பல்லைக் கண்டவள் அந்நேரம் குசினியில் இரண்டாவது ஈடு கொழுக்கட்டையை இறக்கிக்கொண்டிருப்பாள்.

பேச்சும் இவ்வாறே. பிறந்து ஆறு மாதம்வரை குழந்தையின் காது உலகத்து மொழிகள் பலவற்றின் ஒலிகளையும் பிரித்தறியும். ஓராண்டு நிறைவதற்குள், தன்னைச் சூழ ஒலிக்கும் மொழிகளுக்கே அது கூர்மையடைகின்றது என்று ஆராய்ச்சியாளர் கூறுவர். சிங்கள ஆயாவின் இடுப்பில் வளர்ந்த கொழும்புத் தமிழ்ப் பிள்ளைகள் இரு மொழியையும் பிசகின்றிப் பேசுவதன் காரணம் இதுவே. இவ்விரு மொழிச் செல்வத்திற்காக எந்த வீட்டிலும் ஆயாவின் சம்பளத்தில் ஒரு ரூபாய் கூட்டியதாக நாம் கேள்விப்பட்டதில்லை.

இனி, சற்றுச் சங்கடமான விடயத்திற்கு வருவோம். குழந்தை முதலடி வைக்கின்றது. தாய் கந்தோரில் இருக்கின்றாள். மாலையில் அவள் வந்ததும் ஆயா அதைச் சொல்லலாமா?

கொழும்பில் நாம் அறிந்த மலைநாட்டு ஆயா ஒருத்தி சொல்வதில்லை. ஒரு புதன்கிழமை பிள்ளை கதிரையை விட்டு மூன்றடி நடந்தது. அன்று மாலை தாயிடம் அவள் சொன்னது இவ்வளவே: "பாப்பா கதிரையப் புடிச்சுப் புடிச்சே நிக்கிதுங்கம்மா. ரெண்டொரு நாள்ல நடந்துரும் போல இருக்கு. ஞாயித்துக்கிழமை நல்லாப் பாத்துக்கிட்டே இருங்க." ஞாயிற்றுக்கிழமை பிள்ளை நடந்தது. தாய் கூவினாள், தகப்பன் கைப்பேசியிற் படம் பிடித்தார், ஆயாவும் அப்போதுதான் காண்பவள்போல் வாயிற் கைவைத்து வியந்தாள். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வள்ளுவர் வாய்மையோடு சேர்த்துவிட்டார். ஆகவே அவளைக் குறைகூற நமக்கு வழியில்லை.

எனினும் நமக்குப் பிடித்தது வேறொரு வீடு. அங்குத் தாய் வாசற்படியிலேயே, கைப்பையை இறக்குமுன், "இண்டைக்கு என்ன புதினம்?" என்று கேட்பாள். ஆயா ஆதி முதல் அந்தம்வரை சொல்வாள். எப்படி எழுந்தான், எந்தக் கால் முன்னே வந்தது, விழுந்தபோது அழுதானா சிரித்தானா என்று நடித்தும் காட்டுவாள். தாயின் கண் சிறிது கலங்குவதை நாம் பார்த்திருக்கின்றோம். குலசேகராழ்வார் தேவகியின் வாய்மொழியாக ஒரு பதிகம் முழுவதும் பாடியுள்ள துயரம் இதுதான்: பெற்றவள் தான், பிள்ளை விளையாட்டை எல்லாம் கண்டு களித்தவள் யசோதை. தேவகிக்கு வந்து சொல்ல ஒருவரும் இருக்கவில்லை. கந்தோர்த் தாய்க்கு ஒருத்தி இருக்கின்றாள். கேட்டால் அரைமணி நேரமும் சொல்வாள். கேட்காவிட்டால் "பால் குடிச்சான், நித்திரை கொண்டான்" என்பதோடு முடித்துவிடுவாள். கிளினிக்கிலே மருத்துவ மாது, "பிள்ளை எத்தனையாம் மாதம் தவழ்ந்தது?" என்று வினவுகையில், விடைக்காக ஆயாவின் முகத்தைப் பார்க்கும் தாய்மார் உளர். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. தவழவே இல்லை என்று ஆயா சொன்னாலும் பதற வேண்டாம். மேலே கூறிய ஆராய்ச்சியில் நூற்றுக்கு நால்வர் அளவில் கையும் முழங்காலும் ஊன்றித் தவழாமலே நடக்கப் பழகியவர்கள்.

மலைநாட்டுத் தோட்டங்களில் இச்செய்தி வேறு விதம். அங்கே பிள்ளைமடுவத்து ஆயா ஒருத்தியே பல பிள்ளைகளைப் பார்க்கின்றாள். தொங்கும் ஏணைகளை மாறி மாறி ஆட்டிய அந்த மடுவங்களிற் பல, இன்று சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் ஆகிவிட்டன. பயிற்சி பெற்ற பெண்கள் பொறுப்பாக இருக்கின்றனர். ஒரு வயதிற்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட, அத்தகைய இடம் உள்ளபோது நாளுக்கு இருமுறை அரைமணி நேர ஓய்வு தாய்க்குச் சட்டம் தருகின்றது. கொழுந்துக் கூடையை இறக்கிவிட்டு மலையிலிருந்து இறங்கி வரும் தாய்க்கு, அந்த அரைமணிக்குள் பாலும் கொடுக்க வேண்டும், பிள்ளையின் செய்தியும் கேட்க வேண்டும். ஆயா சுருக்கமாகச் சொல்லக் கற்றிருக்கின்றாள்.

இத்தனையும் கண்ட ஆயா ஒருநாள் போய்விடுவாள். பிள்ளை பள்ளி செல்லும் வயதாயிற்று, இனித் தேவையில்லை என்று ஒரு மாத இறுதியிற் கணக்குத் தீர்த்து அனுப்புவது வீட்டாருக்கு எளிது. தாய்–சேய்ப் பிணைப்பை ஆராய்ந்து புகழ்பெற்ற ஆங்கிலேய மருத்துவர் ஜோன் பௌல்பி, 1907ஆம் ஆண்டில் இலண்டனிற் பிறந்து ஆயா ஒருத்தியின் கையில் வளர்ந்தவர். அவருக்கு நான்கு வயதளவில் அவள் போய்விட்டாள். அன்புடைய ஆயாவைப் பிரிவது, குழந்தைக்குத் தாயை இழப்பதற்கு ஏறக்குறைய நிகரான துயரம் என்று பிற்காலத்தில் அவர் எழுதினார். பிள்ளை உறங்கும் நேரம் பார்த்து ஆயாவைப் பின்வாசலால் அனுப்பும் வழக்கம் நம் வீடுகளில் உண்டு. அதை நாம் வெறுக்கின்றோம். பிள்ளை அழட்டும், அவள் போகின்றாள் என்பதை அறிந்து அழட்டும். பின்பு ஒரு தீபாவளிக்கோ பிறந்தநாளுக்கோ அவளை அழையுங்கள்.

ஆயாவுக்கும் பிள்ளைகள் உண்டு. மத்திய கிழக்கிற்குப் போய்ப் பிறர் பிள்ளைகளை வளர்க்கும் நம் நாட்டுப் பெண்கள், தங்கள் பிள்ளை நடப்பதைக் கைப்பேசித் திரையிற் காண்கின்றார்கள். ஐந்து வயதிற்குட்பட்ட பிள்ளையுடைய தாய் வீட்டுப் பணிப்பெண்ணாக வெளிநாடு செல்லலாகாது என்று 2013ஆம் ஆண்டில் விதி வந்தது. பொருளாதார நெருக்கடி மிகுந்த 2022ஆம் ஆண்டில் அவ்வயது இரண்டாகக் குறைக்கப்பட்டது. கொழும்பில் வேலை செய்பவளுக்கு அந்த விதியும் இல்லை.

மேலே சொன்ன மலைநாட்டு ஆயா இதுவரை மூன்று வீடுகளில் மூன்று பிள்ளைகளை வளர்த்திருக்கின்றாள். மூத்த வீட்டுப் பிள்ளைக்கு ஆறாம் மாதத்திற் பல் முளைத்தது, அடுத்தவளுக்குப் பத்தாம் மாதம், இப்போதுள்ளவனுக்கு ஏழு முடிந்து நாலாம் நாள் என்று விரல்விட்டுச் சொன்னாள். உன் மகனுக்கு எப்போது முளைத்தது என்று கேட்டோம். சிறிது நேரம் யோசித்தாள். "அத எங்கம்மாகிட்டத்தாங்க கேக்கணும்" என்றாள்.