யானைக்கும் பாலாற்றுக்கும் ஒரே வைத்தியர்!
பேரணாம்பட்டுக்குத் தேவை உயிரியல் விஞ்ஞானி

பேரணாம்பட்டு என்றதும் எல்லோருக்கும் தோல்தான் ஞாபகம் வரும். ஆனால் அந்த ஊரைச் சுற்றி இருப்பவர்களுக்குத் தோலைப் போலவே யானையும் அன்றாடப் பேச்சு. ஒரு பக்கம் ஆந்திர எல்லைக் காடு. இன்னொரு பக்கம், ஆம்பூர் அருகே, பாலாறு. காட்டிலிருந்து யானை வயலுக்கு இறங்குகிறது. தோல் கழிவோ மண்ணையும் கிணற்றையும் கெடுத்திருக்கிறது. மழை ஒரு வருஷம் பொய்க்கிறது. மறு வருஷம் வெள்ளமாகக் கொட்டுகிறது.

யானை வந்தால் வனத்துறையிடம் ஓட வேண்டும். கழிவுக்கு மாசுக் கட்டுப்பாட்டு வாரியம். நோய்க்கு ஆஸ்பத்திரி. இப்படி ஆளுக்கு ஒன்றாகப் பங்கு பிரிந்திருக்கிறது. எல்லாவற்றையும் சேர்த்துப் பார்க்க ஒருவர் வேண்டாமா? அவர்தான் உயிரியல் விஞ்ஞானி. அவருடைய ஆராய்ச்சி புத்தக அலமாரியில் தூங்கக் கூடாது. வயல் வரப்புக்கு வர வேண்டும்.

யானை ஏன் வருகிறது?

எல்லைக்கு அப்பால் இருக்கும் கௌண்டின்யா காட்டில் பல தலைமுறைகளாக யானை கிடையாது. 1980-களில்தான் ஓசூர்ப் பக்கத்திலிருந்து யானைகள் அங்கே போய்ச் சேர்ந்தன. 1990-ல் அந்தக் காடு சரணாலயம் ஆயிற்று. காட்டுக்கு எல்லைக் கல் உண்டு. யானைக்கு ஏது எல்லை? பேரணாம்பட்டு, குடியாத்தம் வட்டாரத்துப் பயிரைத் தேடி அது வருகிறது. ஜனங்கள் வெடி போட்டு விரட்டுகிறார்கள். போன யானை திரும்பி வருகிறது.

விரட்டுவதற்கு முன், அது ஏன் வருகிறது என்று கேட்டவர் ஒருவர் உண்டு. பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தைச் சேர்ந்த ஆர். சுகுமார் 1980-களின் தொடக்கத்தில் சத்தியமங்கலம், சாமராஜநகர்க் காடுகளில் யானைகளைப் பின்தொடர்ந்து ஆராய்ந்தார். பயிரை மேய்வதில் குட்டியோடு வரும் கூட்டத்தைவிட, வளர்ந்த ஆண் யானையே பல மடங்கு முந்தி நிற்கிறது என்று கண்டார். காட்டுப் புல்லைவிட வயல் பயிரில் புரதமும் சுண்ணாம்புச் சத்தும் உப்பும் அதிகம் என்றும் காட்டினார். எந்த யானை, எந்தப் பயிருக்கு, எந்த மாதத்தில் வருகிறது என்று தெரிந்தால் காவலை அங்கே வைக்கலாம் அல்லவா? எல்லா யானையையும் எல்லா நாளும் துரத்துவது வீண் வேலை!

மரத்துக்கு எண்

அதே கழகத்தார் 1988-ல் முதுமலையில் 50 ஹெக்டேர் காட்டை அளந்து, மரங்களுக்கு எண் கட்டினார்கள். எது வளர்கிறது, எது பட்டுப் போகிறது என்று தொடர்ந்து கணக்கு எடுக்கிறார்கள். மழை குறைந்தால், தீப் பிடித்தால், காடு என்ன ஆகும் என்பதை ஊகித்துச் சொல்ல வேண்டியதில்லை, கணக்கே சொல்லும். காடு வற்றினால் யானை எங்கே போகும்? சீதோஷ்ண மாறுதல் வானத்து விவகாரம் மட்டும் அல்ல, வயலின் விவகாரமும்தான்.

சாட்சி சொன்ன மண்

தோலுக்கு வருவோம். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் தோல் கழிவு வழக்கில் சுப்ரீம் கோர்ட் தீர்ப்பு அளித்தது. கெடுத்தவரே செலவை ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். தோல் வட்டாரத்தில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பாதியாகவோ முழுதாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனது என்று அதில் கண்டிருக்கிறது. இந்தக் கணக்கைக் கொடுத்தது யார்? வேலூரில் இருந்த வேளாண் பல்கலைக் கழக ஆராய்ச்சி நிலையம்! ஏழை விவசாயிக்காகச் சாட்சி சொன்னது விஞ்ஞானம்தான். ஆனாலும், நஷ்ட ஈடு முழுவதும் போய்ச் சேர 2025 ஜனவரி 30-ல் சுப்ரீம் கோர்ட் மறுபடி உத்தரவு போட வேண்டி வந்தது.

அதற்காகத் தொழிலை மூடி விடலாமா? கூடாது. எத்தனையோ குடும்பங்களுக்கு அதுதான் சோறு போடுகிறது. சென்னை அடையாற்றில் 1948 முதல் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையம் வழி காட்டியிருக்கிறது. தோலில் ரோமம் களையச் சுண்ணாம்பும் சல்பைடும் போடுவது வழக்கம். அதற்குப் பதில் நுண்ணுயிர்கள் தரும் என்ஸைம்களைக் கொண்டு ரோமத்தைக் களையலாம். கழிவின் கடுமை குறையும்.

குழந்தைகள் பிழைத்த கதை

ஆராய்ச்சியால் சாமானியருக்கு என்ன லாபம் என்று கேட்பவர்கள் வேலூரைப் பார்க்கட்டும். கிறிஸ்துவ மருத்துவக் கல்லூரியின் டாக்டர் ககன்தீப் காங் குழுவினர் அங்கே குடிசைப் பகுதிகளில் 373 குழந்தைகளைப் பிறந்தது முதல் மூன்று வருஷம் கவனித்து, 2011-ல் முடிவை வெளியிட்டார்கள். வயிற்றுப்போக்கை உண்டாக்கும் ரோட்டா வைரஸ் ஒரு முறை வந்து போன குழந்தையையும் மறுபடி தாக்குகிறது என்று தெரிந்தது. பிறகு உள்நாட்டுத் தடுப்பு மருந்தின் சோதனை நடந்த மூன்று இடங்களில் வேலூரும் ஒன்று. 2016 முதல் சர்க்கார் தடுப்பூசித் திட்டத்தில் ரோட்டா வைரஸ் மருந்தும் சேர்ந்தது. வீடு வீடாகப் போய் எடுத்த கணக்கு, நாட்டுக் குழந்தைகளுக்கெல்லாம் சொட்டு மருந்தாக வந்தது!

என்ன செய்யலாம்?

2002-ல் தொடங்கிய திருவள்ளுவர் பல்கலைக் கழகம் பக்கத்தில், சேர்க்காட்டில் இருக்கிறது. மருத்துவக் கல்லூரி வேலூரில். தோல் நிலையம் அடையாற்றில். மூன்றும் சேர்ந்து பேரணாம்பட்டில் ஒரு சிறு ஆராய்ச்சி நிலையம் வைத்தால் என்ன? யானை வந்த தேதி, கிணற்று நீரின் தன்மை, ஊரில் பரவும் நோய் – மூன்றையும் ஒரே பேரேட்டில் வருஷம் தவறாமல் எழுத வேண்டும். முடிவுகளைத் தமிழிலும் உருதுவிலும் அச்சடித்து, கடைத்தெருவில் ஒட்ட வேண்டும்.

“இதற்கு ஏது பணம்?” என்பார்கள். பயிருக்கு நஷ்ட ஈடு, நிலத்துக்கு நஷ்ட ஈடு, வழக்குச் செலவு – இவை மட்டும் இலவசமா? கேடு வந்த பிறகு கொடுக்கும் பணத்தில் ஒரு பங்கை முன்கூட்டியே செலவிட்டால் போதும். சர்க்காரும் தொழிலதிபர்களும் சேர்ந்து அதைப் போட வேண்டும்.