இடிந்த பின் நிவாரணமா? இடியுமுன் பழுதுபார்ப்பா?

ஐப்பசி பிறந்தால் புதுச்சேரி, கடலூர் கடற்கரையில் உழைக்கும் மக்களுக்கு இரண்டு பயங்கள். ஒன்று, வேலை நின்று அடுப்பு அணையும் பயம். மற்றொன்று, நடு இரவில் சுவர் தலைமேல் சரியும் பயம். முதல் பயத்துக்காக நாம் கூட்டம் போடுகிறோம், மனுக் கொடுக்கிறோம், மறியல் செய்கிறோம். இரண்டாவதை மட்டும் "மழையின் கொடுமை, நம் தலைவிதி" என்று சொல்லிவிட்டுப் பாயை விரித்துப் படுத்துக்கொள்கிறோம்.

தலைவிதி அல்ல, தோழர்களே! எந்தச் சுவரும் ஒரே இரவில் விழுவதில்லை. பத்து ஆண்டு, இருபது ஆண்டு நம் கண் முன்னாலேயே செத்துக்கொண்டிருந்து, ஒரு மழை இரவில் விழுகிறது. அந்த இருபது ஆண்டும் அதைக் கவனிக்க சர்க்காரிடம் பணம் இல்லை. விழுந்த மறுநாள் மட்டும் உத்தியோகஸ்தர்கள் ஜீப்பில் வருகிறார்கள்.

2011 டிசம்பர் 30-இல் தானே புயல் இந்தக் கரையில்தான் ஏறியது. 2020 நவம்பரில் நிவர் வந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் வந்தபோது புதுச்சேரியில் ஒரே நாளில் சுமார் 48 சென்டிமீட்டர் மழை கொட்டியது. ஒவ்வொரு தடவையும் "முழுச் சேதம்", "பகுதிச் சேதம்" என்று கணக்கெடுக்கிறார்கள். வயிறு தள்ளி நிற்கும் சுவருக்கு, அடுத்த மழைக்கு விழப்போகும் சுவருக்கு, அந்தக் கணக்கில் இடம் உண்டா? இல்லை. நிவாரணம் வேண்டுமானால் முதலில் வீடு விழ வேண்டும்! இந்த முறையை மாற்ற வேண்டும் என்பதே நமது வாதம்.

மேரி கட்டடம் சொல்லும் பாடம்

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் பிரெஞ்சுக்காரர் 19-ஆம் நூற்றாண்டில் கட்டிய நகரசபை மாளிகை, மேரி கட்டடம், எல்லோருக்கும் தெரியும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு எழுப்பிய கட்டடம். எத்தனையோ புயல்களைத் தாங்கி நின்றது. பராமரிப்பு இல்லாமல் விடப்பட்டது. 2014 நவம்பர் 29-இல், மழைக்காலத்தில், இடிந்து விழுந்தது. பிறகு உலக வங்கிக் கடனுதவியில், சுமார் 15 கோடி ரூபாய்ச் செலவில், பழைய உருவத்திலேயே மீண்டும் கட்டி 2021-இல் திறந்தார்கள்.

கட்டியதை நாம் குறை கூறவில்லை. ஊரின் சொத்து அது. நமது கேள்வி வேறு. காலாகாலத்தில் ஓட்டையை அடைத்து, இணைப்புகளுக்குக் காரை பூசி வந்திருந்தால் இந்தச் செலவில் எத்தனையில் ஒரு பங்கு ஆகியிருக்கும்? மாளிகைக்கே பராமரிப்பு இல்லை என்றால், முதலியார்பேட்டைச் சந்தில் ஆலைத் தொழிலாளி குடும்பத்தின் சுவரை யார் பார்ப்பார்கள்? புதுச்சேரியின் பெரிய பஞ்சாலைகள் இன்று ஓடவில்லை. ஆலை நின்றது, ஆனால் ஆலையை நம்பி வந்தவர்களின் பேரப்பிள்ளைகள் அதே சுவர்களுக்குள்தான் படுத்து உறங்குகிறார்கள்.

கிராமத்தில் கதை இன்னும் பழையது. 1971-இல் குடியிருப்பு மனைச் சட்டம் வரும் வரை, மிராசுதாரின் நிலத்தில் குடிசை போட்ட விவசாயத் தொழிலாளிக்கு அடிமனை சொந்தமில்லை. நாளை வெளியேறு என்றால் வெளியேற வேண்டியவன் உறுதியான சுவர் எழுப்புவானா? மனை கைக்கு வந்த பிறகு, கிடைத்த செங்கல்லை மண்சாந்தில் அடுக்கி, மேலே பூசிக்கொண்டான். அந்தச் சுவர்களுக்கும் இன்று வயதாகிவிட்டது.

சுவர் ஏன் சாகிறது?

தண்ணீர்தான் எதிரி. அது மூன்று வழியில் வருகிறது. கூரையிலிருந்து இறங்குகிறது. காற்றோடு சாரலாக அடிக்கிறது. தரையிலிருந்து செங்கல் உறிஞ்சி மேலே ஏறுகிறது. இதைத்தான் நம் மக்கள் "ஓதம் ஏறுது" என்கிறார்கள். கடற்கரை மண்ணில் உப்பும் கூடவே ஏறுகிறது.

சுண்ணாம்புக் காரைச் சுவரும், மண்சாந்துச் சுவரும் மூச்சு விடும் சுவர்கள். மழையில் குடித்த ஈரத்தை வெயிலில் வெளியே விட்டுவிடும். அவற்றின் மேல் கெட்டியாக சிமெண்டு பூசினால் என்ன நடக்கிறது? வெளியே போக வழியில்லாமல் ஈரம் உள்ளேயே நிற்கிறது. பூச்சுக்குப் பின்னால் இன்னும் உயரமாக ஏறுகிறது. உப்பு அங்கேயே உறைந்து, பூத்து, செங்கல்லைப் பொடியாக்குகிறது. மண்சாந்து சேறாகிறது. வெளியே பார்த்தால் சுவர் பளபளப்பாக நிற்கும். விரலை மடக்கித் தட்டினால் "டொக் டொக்" என்று பொள்ளலாகச் சத்தம் வரும். உள்ளே சுவர் செத்துப்போய், சிமெண்டு ஓடு மட்டும் நிற்கிறது என்று பொருள்.

சிமெண்டு கெட்ட பொருள் என்று நாம் சொல்லவில்லை. சிமெண்டில் கட்டிய சுவருக்கு சிமெண்டே சரி. பழைய சுவருக்கு அது பொருந்தாது, அவ்வளவுதான். ஆனால் கடையில் கேட்டால் சிமெண்டு மூட்டையைத்தான் காட்டுவார்கள். அதற்குமேல் பளபளக்கும் பிளாஸ்டிக் பெயிண்டைக் காட்டுவார்கள். இரண்டு மழைக்குள் பூச்சு உதிரும். மறுபடியும் மூட்டை வாங்க வேண்டும். கூலியைச் சேர்த்து வைத்துத் தன் சுவரைத் தானே கொல்லும் நிலைக்கு உழைப்பாளி தள்ளப்படுகிறான்.

பழுதுபார்க்கும் முறை

கொத்தனார்களிடமிருந்து நாம் கேட்டறிந்ததைச் சுருக்கமாகக் கூறுகிறோம்.

முதலில் தண்ணீரை நிறுத்துங்கள். கூரை ஒழுகலும், அடைந்த தாழ்வாரக் குழாயும், சுவரோரம் தேங்கும் சாக்கடையும் சரியாகாமல் சுவரில் கை வைப்பது வீண் செலவு. சுவரடியில் மண் மேடாகி இருந்தால் வெட்டி எடுத்து, தண்ணீர் வீட்டைவிட்டு விலகி ஓடும்படி சரிவு கொடுங்கள்.

அடுத்து விரிசலைச் சோதியுங்கள். விரிசலின் குறுக்கே இரண்டு மூன்று இடத்தில் காகிதத் துண்டு ஒட்டித் தேதி எழுதுங்கள். சில வாரங்களில் அது கிழிந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. அஸ்திவாரத்தைப் பார்க்காமல் பூசிப் பயனில்லை. தூக்குக்குண்டு விட்டுப் பாருங்கள். சுவர் வயிறு தள்ளியிருந்தால் முட்டுக் கொடுத்து, அனுபவமுள்ள மேஸ்திரியையோ என்ஜினீயரையோ அழையுங்கள். அதுவரை அந்தச் சுவரோரம் குழந்தைகளைப் படுக்க வைக்காதீர்கள்.

சுவர் நேராக நின்றால், மாசி, பங்குனியில் வேலையைத் தொடங்கலாம். ஓதம் ஏறிய உயரத்துக்கும் மேலே இரண்டு அடி வரை சிமெண்டுப் பூச்சை மெதுவாகத் தட்டி எடுங்கள். சித்திரை வெயிலும் காற்றும் படும்படி சுவரைக் காயவிடுங்கள். பூத்த உப்பைத் தண்ணீர் விட்டுக் கழுவக் கூடாது. கழுவினால் மறுபடியும் உள்ளே போகும். காய்ந்த துடைப்பத்தால் தட்டி, அள்ளி அப்புறப்படுத்துங்கள்.

பிறகு செங்கல் இணைப்புகளில் மக்கிய சாந்தை ஓர் அங்குல ஆழம் சுரண்டி எடுத்து, லேசாகத் தண்ணீர் தெளித்து, சுண்ணாம்புச் சாந்தை அழுத்தி நிரப்ப வேண்டும். நன்றாக நீர்த்து ஊறிய சுண்ணாம்பு ஒரு பங்கு, சலித்த ஆற்று மணல் மூன்று பங்கு. கடல் மணல் கூடவே கூடாது. அது உப்பை விலை கொடுத்து வாங்குவதாகும். பொடிந்த செங்கல்லை ஒவ்வொன்றாக மாற்றுங்கள். ஒரே சமயத்தில் வரிசையாகப் பிடுங்கினால் மேலே உள்ள சுவர் இறங்கிவிடும். சாந்து சடுதியில் காய்ந்து வெடிக்காமல் ஈரச்சாக்கு கட்டிச் சில நாள் காக்க வேண்டும். சுண்ணாம்பு நிதானமாகத்தான் இறுகும். ஆகவே ஆடிக்குள் வேலை முடிய வேண்டும். கடைசியில் பெயிண்டு வேண்டாம், சுண்ணாம்பு வெள்ளை இரண்டு மூன்று கை அடித்தால் போதும்.

ஓர் எச்சரிக்கை: சுண்ணாம்புக் கல் நீர்க்கும்போது கொதிக்கும். கண்ணில் பட்டால் பார்வையே போகலாம். குழந்தைகளை அருகில் விடாதீர்கள்.

சர்க்கார் கட்டிக் கொடுத்த தொகுப்பு வீடுகளின் காங்கிரீட்டுக் கூரை வேறு வியாதி. அங்கே கம்பி துருப்பிடித்து வீங்கி, காங்கிரீட்டைத் தள்ளிவிடுகிறது. அதற்குச் சுண்ணாம்பு மருந்தல்ல. துருவைச் சுரண்டி, கம்பியின் பலத்தைப் பார்த்து, தெரிந்தவர்கள்தான் செய்ய வேண்டும். மேலே பூசி மறைத்தால் பாளம் பாளமாகப் பெயர்ந்து தலையில் விழும்.

பொறுப்பு யாருடையது?

"முறை தெரிந்துவிட்டது, அவரவர் வீட்டை அவரவர் பார்த்துக்கொள்ளலாமே?" என்று சிலர் கேட்பார்கள். பார்த்துக்கொள்ளலாம், கையில் பணமும் காலமும் இருந்தால். தினக்கூலிக்காரன் பங்குனியில் இரண்டு மாதம் சுவரைக் காயப்போட்டு எங்கே குடியிருப்பான்? வாடகைக்கு இருப்பவன் வீட்டுக்காரரிடம் பழுதுபார்க்கச் சொன்னால் "காலி செய்" என்பதே பதிலாக வருகிறது. பட்டா இல்லாதவனுக்கு எந்த உதவியும் வாசலோடு நிற்கிறது.

சாலையைப் பாருங்கள். பழைய சாலையைச் சுரண்டி எடுக்காமல் அதன் மேலேயே தார் போட்டுப் போட்டுத் தெரு உயர்ந்தது; நம் வீட்டு வாசல் பள்ளமானது. தெருத் தண்ணீர் முழுவதும் ஏழையின் சுவரடியில் தேங்குகிறது. பழைய மேற்பரப்பை அகற்றிவிட்டே புதுச் சாலை போட வேண்டும் என்று 2021-இல் தமிழ்நாட்டுத் தலைமைச் செயலாளரே எழுத்து மூலம் அறிவுறுத்தினார். அது எல்லாத் தெருவிலும் நடக்கிறதா என்று தோழர்கள் தங்கள் வாசற்படியை அளந்து பார்த்தால் தெரியும். இது ஒரு தனி மனிதன் சாந்து கரைத்துத் தீர்க்கும் பிரச்னையா?

கடற்கரைக்கு மட்டும் உரிய ஆபத்தும் அல்ல இது. 2019 டிசம்பர் 2 அதிகாலையில், கோவை மாவட்டம் மேட்டுப்பாளையம் அருகே நடூரில், கனமழையில் ஓர் உயரமான சுற்றுச்சுவர் தாழ்த்தப்பட்ட மக்களின் வீடுகள் மேல் சரிந்து 17 பேர் மாண்டார்கள். அவர்கள் கட்டிய சுவர் அல்ல. ஆனால் இறந்தவர்கள் அவர்கள். யாருடைய சுவரானாலும், அதைச் சோதிப்பது பொதுக் கடமை.

2024-இல் தமிழ்நாடு அரசு, 2000-2001க்கு முன் அரசுத் திட்டங்களில் கட்டிய கிராமப்புற வீடுகளைப் பழுதுபார்க்கும் திட்டத்தை அறிவித்தது. வரவேற்கிறோம். பழுதுபார்ப்பும் சர்க்காரின் பொறுப்பே என்று ஒப்புக்கொண்டது அது. அப்படியானால் தன் கூலியில் தானே சுவர் எழுப்பிய தொழிலாளி மட்டும் என்ன குற்றம் செய்தான்? அவனுக்கும் அதே நீதி வேண்டும்.

நமது கோரிக்கைகள்

1. ஒவ்வோர் ஆண்டும் கோடையில் ஊராட்சியும் நகராட்சியும் பழைய சுவர்களைச் சோதித்து, ஆபத்தானவற்றின் பட்டியலை வெளியிட வேண்டும். பட்டியல் போட்டுக் குடியிருப்போரைத் துரத்துவதற்கு அல்ல, சுவரைக் காப்பதற்கு.

2. பட்டா இல்லாதவர், வாடகைக்கு இருப்பவர் உட்பட அனைவருக்கும் பழுதுபார்ப்பு மானியமும், வேலை நடக்கும் காலத்துக்குத் தற்காலிக இடமும் வேண்டும்.

3. நீர்த்த சுண்ணாம்பு நியாய விலையில் கிடைக்க வேண்டும். சுண்ணாம்பு வேலை தெரிந்த முதிய கொத்தனார்களை ஆசிரியர்களாக வைத்து, இளைஞர்களுக்கும் சித்தாள் பெண்களுக்கும் கூலியோடு பயிற்சி தர வேண்டும். அந்தக் கை மறைந்தால் நாளை பணம் இருந்தும் பயன் இல்லை.

4. சாலையை வீட்டுக்கு மேல் உயர்த்துவது நிற்க வேண்டும்.

கோரிக்கை எழுதி வைத்தால் மட்டும் சுவர் நிமிராது. வரும் தை, மாசியிலேயே தெருவுக்கு ஐந்து பேர் கொண்ட குழு அமையுங்கள். ஒரு தூக்குக்குண்டு, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். வீடு வீடாகச் சென்று எந்தச் சுவர் பொள்ளல், எது வயிறு தள்ளியது, எந்தச் சாக்கடை அடைத்தது என்று எழுதுங்கள். சங்கத்தில் கொத்தனார் தோழர்கள் இருக்கிறார்கள். முறை வைத்துக் கைகொடுக்கச் சொல்லுங்கள். அந்த நோட்டையே மனுவாகக் கொண்டு போய் அதிகாரியின் மேஜை மீது வையுங்கள். "தெரியாது" என்று பின்னால் அவர் சொல்ல முடியாது.

எட்டு மணி நேர வேலை கேட்டபோதும் நடக்காத காரியம் என்றுதான் சொன்னார்கள். 1936 ஜூலை 30-இல் புதுச்சேரி ஆலைத் தொழிலாளர் 12 பேர் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார்கள். ஆனாலும் அந்த உரிமை வந்தது. மழை இரவில் பயமில்லாமல் உறங்கும் உரிமையும் அதுபோலக் கேட்டுப் பெற வேண்டியதே. அடுத்த ஐப்பசிக்கு இன்னும் காலம் இருக்கிறது. சுவர்கள் அதுவரைதான் காத்திருக்கும்!