நாட்டு நாயும் நாட்டபிமானமும்

சுதேசி நாய்களுக்கு நல்ல காலம் பிறந்திருப்பதாகச் சொல்லுகிறார்கள். 2005-ஆம் வருஷத்தில் தபால் இலாகாவார் ராஜபாளையம் நாய்க்குத் தபால் தலை வெளியிட்டார்கள். 2020 ஆகஸ்டில் பிரதம மந்திரி ரேடியோவில் பேசுகையில், அன்னிய ஜாதி நாய்களைவிட்டு நம் நாட்டு நாய்களை வளர்க்கும்படி ஜனங்களைக் கேட்டுக்கொண்டார். 2024-இல் தமிழ்நாட்டு சர்க்கார் நாய் இனப்பெருக்கக் கொள்கை ஒன்றை வெளியிட்டபோது பெரும் விவாதமே மூண்டது. சிப்பிப்பாறை, கன்னி, கோம்பை என்ற பெயர்களைக் கேட்ட மாத்திரத்தில் நமது வாலிபர்கள் மார்தட்டுகிறார்கள். இதெல்லாம் சந்தோஷத்திற்குரியதே. ஆனால் இந்த அபிமானம் குட்டியை விலைக்கு வாங்குவதோடு தீர்ந்துபோகிறதே, அதுதான் நமது ஆட்சேபம்.

செங்கற்பட்டிலிருந்து மாமல்லபுரம் கடற்கரை வரையில் தோப்புகளும் பங்களாக்களும் பெருகிவிட்டன. எஜமானர் பட்டணத்தில் வாசம் செய்வார். காவலுக்கு ஒரு நாட்டு நாய். முயலைத் துரத்தி ஓடுவதற்கென்றே தலைமுறை தலைமுறையாக வளர்க்கப்பட்ட சிப்பிப்பாறை, தென்னை மரத்தடியில் நான்கு முழச் சங்கிலியில் நாள் முழுவதும் கிடந்தால் அதன் குணம் கெடாமல் என்ன செய்யும்? வெண்மை நிறத்துக்காகவே விரும்பப்படும் ராஜபாளையம் குட்டிகளில் சில பிறவிச் செவிடாக இருப்பதுண்டு. கூப்பிட்டால் திரும்பாத நாய் காவலுக்கு உதவாது என்று தள்ளிவிடுகிறார்கள். கை ஜாடையினாலேயே அதைப் பழக்கலாம் என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? தோட்டம் கைமாறும் நாளில் நாய் ரஸ்தாவுக்கு வந்துவிடுகிறது.

இது குற்றமில்லையா என்றால், குற்றந்தான். பட்டினியாலும் தாகத்தாலும் வருந்தும்படி பிராணியைக் கைவிடுவது 1960-ஆம் வருஷத்துப் பிராணி வதைத் தடுப்புச் சட்டப்படி தண்டனைக்குரியது. முதற் குற்றத்திற்கு அபராதம் பத்து ரூபாய்க்குக் குறையாமலும் ஐம்பது ரூபாய்க்கு மேற்படாமலும் இருக்க வேண்டுமென்பது அச்சட்டத்தின் விதி. ஐம்பது ரூபாய்க்கு இன்று மாமல்லபுரத்தில் ஓர் இளநீர் கிடைப்பதே துர்லபம்! ஆயிரக்கணக்கில் கொடுத்துக் குட்டி வாங்குகிறவர்களை இந்தச் சட்டம் பயமுறுத்தும் என்று யாரும் நம்பமாட்டார்கள்.

சர்க்காரின் லட்சணமும் மெச்சத்தக்கதாயில்லை. நாட்டு நாய் ஜாதிகளைக் காப்பதற்கென்று சைதாப்பேட்டையில் சர்க்காரே நடத்திவந்த இனப்பெருக்க நிலையத்தின் நிலைமை 2016-இல் ஹைக்கோர்ட்டுக்கு வந்து, அதை மூடும்படி உத்தரவாயிற்று. நிலையத்தை மூடினால் நாட்டு நாய்களே அழிந்துவிடும் என்று அப்போது சிலர் கூக்குரலிட்டார்கள். கூண்டில் குட்டி போடுவதனாலா ஒரு ஜாதி பிழைக்கும்? அதை அறிந்து வளர்க்கும் குடும்பங்கள் இருந்தால்தான் பிழைக்கும்.

இவ்விஷயத்தில் ஆங்கிலேயரிடம் கற்றுக்கொள்வதில் நமக்கு வெட்கமில்லை. லண்டனில் திக்கற்ற நாய்களுக்கு 1860-லேயே ஒரு மாது விடுதி ஏற்படுத்தினார். பந்தயத்தில் ஓடி ஓய்ந்த கிரேஹவுண்டு நாய்களுக்கு வீடு தேடித்தர 1975-இல் தனி ஸ்தாபனம் ஏற்பட்டது. அந்த நாய் நமது கன்னிக்கும் சிப்பிப்பாறைக்கும் உடலமைப்பில் ஒத்தது. ஒவ்வொரு ஜாதிக்கும் அதன் குணமறிந்தவர்கள் கூடி, கைவிடப்பட்ட நாயை மீட்டு, வைத்தியம் செய்து, குட்டி போடாதபடி சிகிச்சையும் முடித்து, சில வாரம் ஒரு தொண்டர் வீட்டில் வைத்துப் பார்க்கிறார்கள். குழந்தைகளோடு இணங்குமா, பூனையைத் துரத்துமா என்பதெல்லாம் அங்கே தெரிந்துவிடும். பிறகு கேட்பவருடைய வீட்டை நேரில் பார்த்து, வேலி எவ்வளவு உயரம், பகலில் யார் இருப்பார்கள் என்று விசாரித்தே ஒப்புவிக்கிறார்கள். வைத்துக்கொள்ள இயலாவிட்டால் தங்களிடமே திருப்பித் தரவேண்டுமென்று எழுதி வாங்குகிறார்கள். குட்டி வாங்குகிறவன் அதன் குணம் எப்படியாகுமோ என்று அறியாமல் வாங்குகிறான். வளர்ந்த நாயை ஏற்பவனுக்கோ அது முன்கூட்டியே தெரியும்.

இதெல்லாம் வெள்ளைக்காரப் பழக்கம் என்று பரிகசிப்பவர்கள் திருவண்ணாமலை ஜில்லாவிலுள்ள எடுத்தனூருக்குப் போய்வரட்டும். மகேந்திரவர்ம பல்லவனுடைய முப்பத்துநான்காம் ஆட்சியாண்டில், மாண்ட வீரனுக்கு நட்ட கல்லில் அவனுடைய நாயும் செதுக்கப்பட்டு நிற்கிறது. கோவிவன் என்று அதன் பெயரும், திருடர் இருவரைக் கடித்துக் காவல் நின்ற செய்தியும் கல்லில் எழுதியிருக்கின்றன. மாமல்லபுரத்தைச் செதுக்குவித்த வம்சத்தின் காலத்தில் தமிழன் தன் நாய்க்குக் காட்டிய மரியாதை அது.

2017-இல் காளைக்காக மெரினாவில் திரண்ட வாலிபர்களில் பலர் இன்று ஊர்தோறும் சங்கம் வைத்திருக்கிறார்கள். செங்கற்பட்டு ஜில்லாவில் அவர்களே இவ்வேலையை ஆரம்பிக்கலாம். வீடற்ற நாட்டு நாய்களுக்கும் அவற்றை ஏற்க விரும்புவோருக்கும் ஒரு பதிவேடு வேண்டும். கால்நடை சர்வகலாசாலையின் ஆராய்ச்சி நிலையம் காட்டுப்பாக்கத்திலேயே இருக்கிறது. வைத்தியர்களும் அங்கே இருக்கிறார்கள். பதிவேட்டை அங்கே திறப்பதற்குச் சட்டசபையில் மசோதா எதுவும் வேண்டியதில்லை. சர்வகலாசாலையார் எப்போது அதைத் திறக்கப்போகிறார்கள் என்று கேட்கிறோம்.