நம்மையும் நிறுத்துப் பார்ப்போம்

ஆண்டுதோறும் தேர்வு வைத்து மாணவரை அளக்கின்றோம். கற்பிக்கும் நம்மை எதனால் அளக்கின்றோம்? 13ஆம் நூற்றாண்டிலேயே பவணந்தி முனிவர் நன்னூலில், நல்லாசிரியர்க்கு நடுநிலை பிறழாத துலாக்கோலை உவமை கூறினார். ஆசிரியராகத் தகாதாரைக் கழற்குடத்திற்கு ஒப்பிட்டார். ஒவ்வொன்றாய் இட்ட கழற்காய்கள், கவிழ்த்தவுடன் முறையின்றிக் கொட்டிவிடும்.

நாம் வாழும் அவுஸ்திரேலியாவில் 2011இல் ஆசிரியர்க்கென 7 தொழில்நெறித் தரங்கள் வகுக்கப்பட்டன. மாணவரை அறிதல், பாடத்தை அறிதல், திட்டமிடல், மதிப்பிடல் முதலியன அவற்றுள் அடங்கும். அவற்றையே நமக்கும் துலாக்கோலாகக் கொள்வோம்.

அன்பர்களே, "பிள்ளைகளுக்குத் தமிழ் வருவதில்லை" என வருந்துமுன், ஒவ்வொரு வகுப்பின் முடிவிலும் நம்மை நாமே வினவுவோம். இன்று ஒவ்வொரு பிள்ளையும் சொந்தமாக ஒரு வாக்கியமேனும் பேசியதா? வீட்டில் தமிழ் கேளாத பிள்ளைக்கெனத் தனியே என்ன செய்தோம்? பிழையைத் திருத்தியபோது காரணத்தை விளக்கினோமா? விடைகளைக் குறிப்பேட்டில் எழுதி, மாதமொருமுறை சக ஆசிரியருடன் கலந்துரையாடுவோம்.

குறை காண்பது நாணத்தக்கதன்று. அதனைக் காண மறுப்பதே நாணத்தக்கது. நாம் ஊதியம் பெறாத தொண்டர்களே. ஆயினும் தொண்டு என்னும் சொல் நம் குறைகளை மூடும் போர்வையாகிவிடலாகாது. விளையாட்டையும் நண்பரையும் விட்டுப் பிள்ளைகள் தம் வாரவிடுமுறையை நம்மிடம் தருகின்றனர். அதற்கு ஈடாகக் கற்பிப்பது நம் கடனன்றோ!