கன்னிப்பிறப்பும் நிற வாணிபமும்

ஆணின்றி ஈனும் பாம்பை, அரிய நிறங்களைப் பெருக்கும் குறுக்குவழியெனப் போற்றுவோர் உளர். அமெரிக்காவில் வளர்க்கப்பட்ட போவாப் பாம்பொன்று தந்தையின்றி, இரு ஈற்றில் 22 பெண் குட்டிகளை ஈன்றமை 2010இல் வெளியான டி.என்.ஏ. ஆய்வால் நிறுவப்பட்டது. அனைத்தும் தாயின் பின்னிடைவான கரமெல் நிறத்தையே கொண்டிருந்தன. இதிலே மயங்குவோர் ஓருண்மையை மறக்கின்றனர். இப்பிறப்பில் தாயின் பரம்பரையலகுகளுட் பாதியே பெரும்பாலும் இரட்டித்துச் சேயாகின்றது. மறைந்த நிறத்தை வெளிக்கொணரும் அவ்விரட்டிப்பே மறைந்த குறைகளையும் வெளிக்கொணரும். நிறத்தை ஏற்றுக் குறையை விலக்கும் ஆற்றல் வளர்ப்போனுக்கில்லை. குலம் நலம்பெற, உறவற்ற ஆணுடன் இணைத்தல் வேண்டும். அந்த ஆண் அந்நிறப் பரம்பரையலகு அற்றதாயின், முதற்றலைமுறையிலேயே அந்நிறம் மீண்டும் மறையும். அவ்வாறாயின் குறுக்குவழி எங்கே? பிறப்பை மறைத்து நிறத்தை விற்பவன், நோயையும் சேர்த்தே விற்கக்கூடும். தந்தையற்ற குட்டியை அவ்வாறே அறிவித்தல் வளர்ப்போரின் கடன்.